பதினாலு சில்லு

எனக்குக் கோபம் ஜாஸ்தி. இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். கூட்டுறவுப் பண்டகசாலையில் வருஷக்கணக்காகச் சர்க்கரை நிறுத்துப் போட்டவளுக்குக் கோபம் வராமல் சிரிப்பா வரும்? வரிசையில் நில்லுங்கள் என்றால் நிற்க மாட்டார்கள். பையை விரித்துப் பிடியுங்கள் என்றால் அப்போதுதான் பையையே தேடுவார்கள். கத்திக் கத்தி என் குரலே அப்படி ஆகிவிட்டது. சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அந்தக் குரலையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. அதுவும் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும்.

வீடு என்று நான் சொல்வது திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த லைன் வீடு. ஒன்பது குடித்தனம், நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு. நாட்டு ஓடு வேய்ந்த கூரை. மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் வாரம் தவறாமல் கூரைமேல் ஓடி நாலு ஓடாவது உடைத்துவிட்டுப் போகும். உடைந்ததைக் கிணற்றுக்குப் பின்னால் குவித்து வைத்திருந்தோம். அந்த வரிசையில் நாலாவது குடித்தனம் என்னுடையது. புருஷன் கல்யாணமான மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. ஓர் அறை, ஓர் அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் மலை. இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

அந்த மலை ஒரே இடத்தில் நிற்கிற மலை இல்லை. விடியற்காலையில் எங்கோ தூரத்தில் நீலமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்து, கண்ணைச் சற்று மூடித் திறந்தால் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கும். வெயிலில் அதன் பாறைகள் லேசாக அசையும். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாத அந்த நேரம் ஒன்றில்தான் என்னிடம் கோபம் இருக்காது.

எழுபத்து நாலாம் வருஷம் கோடையில் கிணறு அடி தட்டிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் மதராஸில் இருந்தார். கிணற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர் நியமித்தது முதல் குடித்தனத்துப் பரசுராமனை. கோர்ட்டில் டவாலியாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆளைப் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டே பழகிய தொண்டை. ராட்டினக் கயிற்றையும் வாளியையும் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் கயிறு வெளியே வரும். அவருக்கு உடம்பு வலித்தால் அதுவும் வராது.

இதைத் தட்டிக் கேட்டது யார்? நான்தான். வேறு யாருக்கு வாய் இருந்தது? குடித்தனத்துக்கு ஆறு குடம் என்று நான்தான் முறை வைத்தேன். குடங்கள் மாறிப்போகின்றன என்று ஒவ்வொரு வீட்டுக் குடத்திலும் சிவப்புப் பெயின்டால் ஓர் அடையாளம் போட்டேன். எனக்கு வட்டம், பரசுராமனுக்கு மூன்று கோடு, ஐந்தாம் குடித்தனத்து ரஹமத்துன்னிசாவுக்குப் பிறை, கடைசி வீட்டு ஆராயிக்குப் பெருக்கல் குறி. ஒரு நாள் ஆராயி ஏழாவது குடம் எடுத்தாள். அதைத் திரும்பக் கிணற்றிலேயே கவிழ்க்க வைத்தேன். அவள் மலைச்சரிவில் விறகு பொறுக்கி விற்கிறவள், எனக்குப் பத்து வயது மூத்தவள். ஒன்றும் பேசாமல் கவிழ்த்துவிட்டுப் போனாள். நியாயம் என்றால் எல்லோருக்கும் நியாயம்தானே என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பரசுராமன் கத்துவார், நான் பதிலுக்குக் கத்துவேன். வீடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அவர் பக்கம் நிற்கிறவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். என் பக்கம் நிற்கிறவள் அவர் வாசலைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவாள், சத்தம் கேட்டால் அவர் எழுந்து வந்துவிடுவார் என்று.

முன்கட்டுக்கு மேலே சின்ன மொட்டை மாடியும் அதில் ஓர் அறையும் இருந்தன. அங்கே எலெனி குடியிருந்தாள். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களில் ஒருத்தி என்றுதான் முதலில் நினைத்தோம். அவள் கிரேக்க நாட்டுக்காரி, ஏதென்ஸ் ஊர்க்காரி. அங்கே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாளாம். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் பட்டாளத்து டாங்கிகள் நின்றனவாம். அதன்பிறகு அவள் பேர் ஏதோ ஒரு பட்டியலில் ஏறிவிட்டது. கிடைத்த வழியில் வெளியேறி, ஊர் ஊராகச் சுற்றி, எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்திருந்தாள். தமிழை ஆராயியிடம் கற்றுக்கொண்டதால் அவள் பேசினாலே எங்களுக்குச் சிரிப்பு வரும்.

அந்த வைகாசியில் சாயங்காலம் ஆனால் காற்றுக்காக எல்லோரும் மாடிக்கு ஏறுவோம். சண்டைக்காரர்கள் ஒரு மூலைக்கு ஒருவராக உட்காருவோம். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் எலெனி மலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“எங்க ஊர்லயும் நடுவுல மலை கீது. அங்க ஒரு சரிவுல ஜனம் எல்லாம் போயி குந்தும்.”

“சாமி கும்பிடவா?” என்றாள் ஆராயி.

“இல்ல. ஊருக்கு இன்னா செய்யறதுன்னு பேச. யார் வேணா எழுந்து பேசலாம். அப்புறம் கை தூக்குவாங்க. ஜாஸ்தி கை எதுக்கோ அதான்.”

இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதை அது என்றாள். அதற்கு முன்னால் அந்த ஊரை ஒரே குடும்பம் தன் இஷ்டத்துக்கு ஆண்டுகொண்டிருந்ததாம். அவர்களைத் துரத்திய பிறகு, இனிமேல் ஒருத்தன் கையிலும் ஊரைக் கொடுப்பதில்லை, நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஜனங்கள் முடிவுக்கு வந்தார்களாம். பெரும்பாலான உத்தியோகத்துக்குச் சீட்டுப் போட்டு ஆள் எடுப்பார்கள். செருப்பு தைக்கிறவனும் ஒரு வருஷம் ஊர்க் காரியம் பார்ப்பான். டெமாக்ரசி என்றால் அவர்கள் பாஷையில் ஜனங்கள் கையில் இருக்கிற பலம் என்று அர்த்தம். எங்களுக்கு அந்தச் சொல் ரேடியோவில் வருகிற சொல். அதற்குள் ஒரு மலையும் உட்கார்ந்திருக்கிற ஜனங்களும் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

“பொம்பளைங்களும் குந்துவாங்களா?” என்று கேட்டேன்.

எலெனி உதட்டைப் பிதுக்கினாள். “இல்ல. பொம்பளைக்கு இல்ல, அடிமைக்கு இல்ல, வெளியூர்க்காரனுக்கு இல்ல.”

“அப்ப பாதி ஊரு வீட்ல கிடக்குது, மீதிப் பாதி மலைமேல ஏறி நாங்கதான் ஜனம்னு சொல்லிக்குது,” என்று எரிந்து விழுந்தேன். கிரேக்கர்கள்மீது எனக்கு அன்றைக்கு உண்மையாகவே கோபம். எலெனி சிரித்து, தொடக்கம் அப்படித்தான் இருந்தது என்றாள்.

பிறகுதான் அந்தச் சில்லு விஷயத்தைச் சொன்னாள். ஊரில் இரண்டு பெரிய ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஊரே கிழிகிற மாதிரி ஆனால், ஜனங்கள் ஒரு நாள் கூடி உடைந்த பானை ஓட்டில் ஒரு பேரைக் கீறிப் போடுவார்களாம். யார் பேர் அதிகமோ அவர் பத்து வருஷம் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். அது தண்டனை இல்லை. அவர் வீடு, நிலம், மரியாதை எல்லாம் அப்படியே இருக்கும். யாரும் தொடக்கூடாது. பத்து வருஷம் கழித்து வரலாம், வந்து பழையபடி இருக்கலாம்.

நான் கேட்டதில் பாதிதான் என் காதில் ஏறியது. அந்தப் பாதியில் பரசுராமனின் முகம் இருந்தது. அவருக்கு வேலூரில் ஒரு மகன், ஆரணியில் ஒரு மகன். போய் இருந்துவிட்டு வரட்டுமே! கீழே சில்லுக்கும் பஞ்சமில்லை, குரங்குகள் புண்ணியத்தில் ஒரு குவியலே கிடந்தது.

நானேதான் எழுந்து பேசினேன். நம் வீட்டிலும் அப்படிச் செய்தால் என்ன என்றேன். பத்து வருஷம் வேண்டாம், ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் போதும். பேர் வந்தவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். திரும்பி வந்தால் யாரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பரசுராமன் என்னைப் பார்த்த பார்வையில் அவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார் என்று தெரிந்தது. “எனக்கு ஆட்சேபணை இல்ல,” என்றார் கோர்ட்டுக் குரலில்.

குடித்தனத்துக்கு ஒரு சில்லு என்று அவர் சொன்னார். ரேஷன் கார்டும் குடும்பத்துக்கு ஒன்றுதானே என்றார். கார்டையே பார்த்து வாழ்கிறவள் நான், எனக்கும் ஒரு நிமிஷம் சரி என்றுதான் பட்டது. ஆராயிதான் மடக்கினாள்.

“எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் சேத்தா தாகம் எடுக்குது? தனித்தனியாதான் எடுக்குது. ஆளுக்கு ஒண்ணு குடுங்க.”

ஆளுக்கு ஒன்று என்று முடிவானது. எலெனி, தான் வெளியூர்க்காரி, தனக்கு வேண்டாம் என்றாள். நாங்கள் மட்டும் என்ன பட்டாவா வைத்திருக்கிறோம், எல்லோரும் குடக்கூலிக்காரர்கள்தான் என்று ஆராயி அவள் கையிலும் ஒன்றைத் திணித்தாள். ஆக இருபத்து மூன்று பேர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அதனால் பேர் எழுத வேண்டாம், யார் போக வேண்டுமோ அவர் குடத்து அடையாளத்தைக் கீறினால் போதும் என்று ஏற்பாடு. ரஹமத்துன்னிசாவின் புருஷன் அன்வர் பாஷா பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். அவர் புதிதாகப் பூசி வைத்திருந்த பெரிய அண்டாவை முற்றத்தில் வைத்து, வாயைத் துணியால் மூடி, கை நுழைய மட்டும் இடம் விட்டார்கள். ஒவ்வொருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆணியால் கீறி, முந்தானையிலோ துண்டிலோ மறைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். சில்லு உள்ளே விழும் சத்தம் அந்த வெயிலில் முற்றம் முழுக்கக் கேட்டது. நான் மூன்று கோட்டை ஆழமாகக் கீறினேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

எண்ணுவதற்கு ஆராயியை உட்கார வைத்தோம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து எல்லோருக்கும் காட்டி, அடையாளத்துக்கு ஒரு குவியலாகத் தரையில் வைத்தாள். மூன்று கோடு. வட்டம். வட்டம். மூன்று கோடு. வட்டம். எனக்கு முதலில் புரியவில்லை. ஐந்தாறு வட்டம் வந்த பிறகும், மீதி எல்லாம் அண்டாவின் அடியில் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அண்டா காலியானது. ஒரு சில்லில் ஒன்றுமே கீறவில்லை. மூன்று கோடு எட்டு. வட்டம் பதினாலு.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூரைக்கு மேலே தெரிந்த மலை அப்போது மிகத் தூரத்தில் இருந்தது. நான் எழுந்து என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழவில்லை. பதினாலு பேர் யார் யார் என்று விரல் விட்டு எண்ணினேன். பரசுராமன் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் சேர்த்தாலும் ஒன்பதுக்கு மேல் போகவில்லை. மீதி ஐந்து பேர் என் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்.

கதவைத் தட்டிக்கொண்டு முதலில் வந்தவள் ரஹமத்துன்னிசா. அந்த வீட்டில் எனக்கு உயிரானவள். எனக்கு ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொண்டுவருகிறவள். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

“நானும் வட்டம்தான் போட்டேன்க்கா,” என்றாள். “மறைக்கக் கூடாதுன்னு வந்தேன்.”

“நான் உனக்கு இன்னாடி பாவம் செஞ்சேன்?”

“ஒண்ணும் செய்யல. அவரு திட்டினா உங்ககிட்ட வந்து சொல்லுவோம். நீங்க திட்டினா யார்கிட்டப் போய்ச் சொல்றது? நீங்க சொல்றது எல்லாமே சரியா வேற இருக்கு. எதுத்துப் பேசவும் முடியல.”

நான் அவளை வெளியே போகச் சொன்னேன். போனாள். வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்பது மூக்கை உறிஞ்சும் சத்தத்தில் தெரிந்தது.

எனக்குப் போக இடம் ஏது? கீழ்பென்னாத்தூரில் தம்பி சின்னசாமி இருந்தான். நான் பார்த்த பெண்ணைக் கட்டாமல் வேறொருத்தியைக் கட்டினான் என்று கல்யாணப் பந்தலிலேயே அவள் காதுபடக் கத்திவிட்டு வந்தவள் நான். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அங்கே போய் எந்த முகத்தோடு நிற்பது?

அடுத்து வந்தவர்தான் ஆச்சரியம். பரசுராமன். என் அறை வாசலுக்கு அவர் வந்ததே அதுதான் முதல் தடவை.

“தனம்மா, நீ எங்கயும் போவாத,” என்றார். “இதெல்லாம் ஒரு விளையாட்டு. ஓட்டாஞ்சில்லை வெச்சு ஒரு ஆளை வெளிய அனுப்பறதுக்கு இவங்க யாரு? கோர்ட்டு உத்தரவா? நான் சொல்றேன், நீ இரு. வீட்டுக்காரருக்கும் எழுதிப் போடறேன்.”

மனசு அப்படியே அவர் பக்கம் சாய்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். இருந்துவிடலாம். யார் வந்து கையைப் பிடித்து இழுக்கப் போகிறார்கள்? ஆனால் அவர் சொல்லி நான் அங்கே இருந்தால் நாளைக்கு அவர் சொல்லி நான் போகவும் வேண்டும். அந்தப் பதினாலு பேர் மறுபடியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள், இந்தத் தடவை எங்கள் இரண்டு பேருக்கும் பயந்து. இதெல்லாம் அப்போது இவ்வளவு தெளிவாகத் தோன்றவில்லை. உங்க தயவில் இருக்க வேண்டிய தலையெழுத்து எனக்கு இல்லை என்று சொல்லி அவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான்.

பெட்டியில் நாலு புடவையை அடுக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன், எலெனியிடம் சண்டை போட. இந்தக் கதையைக் கொண்டுவந்தவள் அவள்தானே.

“உன் ஊர்க் கதை என் வயித்துல அடிச்சிடுச்சு,” என்றேன்.

மலைமேல் மேகத்தின் நிழல் ஒன்று மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உனக்கு நாப்பத்தெட்டு நாள்னு சொல்லிக்கீறாங்க,” என்றாள் கடைசியில். “எனக்கு ஏழு வருசம் ஆவுது. யாரும் நாள் சொல்லல. யார் அனுப்பினாங்கன்னும் தெரியல. எங்க வூட்டைப் பூட்டி வெச்சிக்கீறாங்களா, உடைச்சிட்டாங்களா, அதும் தெரியல.”

நான் கோபப்படத்தான் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் ரஹமத்துன்னிசா. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. எனக்கு எதிராகச் சில்லுப் போட்ட கையாலேயே பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, பஸ் கிளம்பும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

தம்பி என்னைப் பார்த்ததும் பெட்டியை வாங்கிக்கொண்டான். “சாப்ட்டியாக்கா?” என்றான். அவன் பெண்டாட்டி சரசு ஒரு பாயை விரித்துப் போட்டாள். ஆனி மாசம், விதைக்கடலைக்காக மல்லாட்டை உடைக்கிற சமயம். தெருப் பெண்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருப்பார்கள். நானும் கடைக்குப் போகாத நாட்களில் அவர்களோடு உட்கார்ந்தேன். உடைக்கிற விதம் சரியில்லை, பருப்பின் மேல்தோல் கிழிகிறது என்று சொல்ல முதல் நாளே வாய் துறுதுறுத்தது. என் வாயால் வந்த இடத்தில் இருக்கிறேன் என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். மூன்றாம் வாரம் சரசுவே, “இப்படி உடைச்சா தோல் கிழியுது இல்ல அண்ணி?” என்று கேட்டாள். கேட்டு ஒருத்தி பேச வைக்கும்போது குரல் தானாகவே தணிந்துதான் வருகிறது, எனக்கு அது அதுவரை தெரியாது.

தினமும் பஸ் ஏறித் திருவண்ணாமலை வந்து கடையைத் திறந்தேன். வேலையை விட முடியுமா? சந்துப் பக்கம் மட்டும் கால் வைக்கவில்லை. லைன் வீட்டு ஆட்கள் கார்டும் கையுமாக வரிசையில் நிற்பார்கள். நான் நிறுத்துப் போடுவேன். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ரஹமத்துன்னிசாவின் பையில் சர்க்கரையைக் கொட்டும்போது அவள் பையைப் பார்ப்பாள், நான் தராசைப் பார்ப்பேன். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பிப் போகும்போது மலை பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்துவிட்டு நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டில் படுத்திருந்தேன். அப்போது கண்டது கனவுதான், ஆனால் கண் திறந்திருந்த ஞாபகம். மலைச்சரிவு முழுக்க ஜனம் உட்கார்ந்திருக்கிறது. கடையில் வரிசை மீறுகிறவர்கள், தம்பி தெருவில் மல்லாட்டை உடைக்கிறவர்கள், எலெனியின் ஊர்க்காரர்கள், பெண்கள், யார் யாரோ. சத்தமே இல்லை. எல்லோர் மடியிலும் ஒரு சில்லு. நான் உட்கார இடம் தேடி ஏறிக்கொண்டே போகிறேன். உச்சியில் இடம் இருக்கும் என்று ஏறுகிறேன். அங்கே போனால் வெறும் பாறை, காற்று, ஆளே இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இறங்கி வந்தேன். பாதிச் சரிவில் யாரோ ஒருத்தி பார்க்காமலே சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அவ்வளவு சின்ன இடம். அதில் உட்கார்ந்ததும் எனக்கு வந்த சுகத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். எலெனி கடைக்கு ஓடி வந்தாள், வரிசையை மீறிக்கொண்டு. நான் கத்தவில்லை.

“போயிட்டாங்க தனம்! எங்க ஊர்ல பட்டாளத்துக்காரங்க போயிட்டாங்க! பேப்பர்ல போட்டுக்கீது!”

கையில் ஒரு பை மட்டும் இருந்தது. அப்போதே மதராஸ் பஸ்ஸுக்குப் போகிறாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் கணக்கில் இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது.

நாற்பத்தெட்டு முடிந்த மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். பேசிவைத்தபடியே வீட்டில் யாரும் ஒன்றும் பேசவில்லை. ஆராயி விறகைக் கட்டிக்கொண்டே, “வந்துட்டியா, கூழு கீது, குடி,” என்றாள், நான் தெருமுனைக்குப் போய்விட்டு வந்தது போல. என் பூட்டு அப்படியே தொங்கியது.

கிணற்றுப் பக்கம் பார்த்தேன். கயிறு பரசுராமன் அறையில் இல்லை, ராட்டினத்திலேயே இருந்தது. ரஹமத்துன்னிசா தயங்கித் தயங்கி வந்தாள்.

“நீங்க போனப்பவே எல்லாரும் உக்காந்து பேசிட்டோம்க்கா. வாரத்துக்கு ஒரு குடித்தனம் கயிறைப் பாத்துக்கும். அவரும் சரின்னுட்டாரு, எட்டு சில்லு அவர் பேர்லயும் விழுந்துச்சு இல்ல. நீங்க திரும்பி வர்றதுக்குத் தோதா எட்டாவது வாரத்துல உங்க பேரை வெச்சோம். இன்னிலேர்ந்து உங்களுது.”

அனுப்பின அன்றைக்கே என் இடத்தை எண்ணி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவள் தோளில் ஒரு அடி வைத்தேன். அவள் சிரித்தாள்.

மத்தியானம் பரசுராமன் வெளியே வந்தார். குடங்கள் எல்லாம் இறைத்து முடித்துக் கயிற்றைச் சுற்றி வைத்திருந்த நேரம். ஆரணி மகன் பிள்ளைகளோடு வந்திருக்கிறானாம், குழந்தைகள் குளிக்கவில்லையாம். பெண்கள் மாதிரி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். “ரெண்டு குடம் எடுத்துக்கட்டுமாம்மா?” என்றார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் நினைத்ததில்லை.

முடியாது என்ற சொல் என் நுனி நாக்கில் நின்றது. எத்தனை வருஷம் காத்திருந்த சொல்! உடம்பெல்லாம் எரிந்தது. எடுத்துக்கோங்க என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம், அதிலும் ஒரு ராணித்தனம் இருக்கத்தான் செய்தது. இரண்டையும் விழுங்கினேன்.

“இருங்க, எல்லாரையும் கேட்டுட்டு வரேன்,” என்றேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். நான் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஆராயி கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் பழக்கத்தில் தலைமுந்தானையைச் சரி செய்துகொண்டு, என்ன தப்புச் செய்தோமோ என்று நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். கொடுக்கலாமா, வேண்டாமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றேன்.

“என்னையவா கேக்கற?” என்றாள்.

“ஆமாக்கா, உங்களத்தான் கேக்கறேன்,” என்றேன்.